சமதளம் என்று சொல்லாத கேள்வி

மாப்ளே,

இன்று காலை பலாக்காய் நறுக்கினேன். மருமகள் வேண்டாமென்றுதான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. விரலெல்லாம் பால் பிசுபிசுத்தது. எண்ணெய் தடவித் தேய்த்தும் அந்தப் பச்சை வாசம் போகவில்லை. போன மாதம் நீ போய்விட்டாய் என்று உன் மகன் போனில் சொன்னபோது, "எப்பங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு வராத அழுகை இன்றைக்குச் சமையலறையில் நின்றபடி வந்தது. மருமகள் பயந்தே போனாள்.

நாம் இருவரும் சேலத்தில் பி.யு.சி. சேர்ந்த வருடத்தை நினைத்துக்கொண்டேன். நீ கொல்லிமலையில் தேவனூர் நாட்டிலிருந்து இறங்கி வந்தவன், நான் அடிவாரத்துக்காரன். பள்ளிக்கூடம்வரை தமிழில் கணக்குப் போட்டுவிட்டு வந்த நமக்கு, கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ். விரிவுரையாளர் கரும்பலகையைப் பார்த்துப் பேசுவார், எழுதி முடித்ததும் அழிப்பார். அவரிடம் சந்தேகம் கேட்க வாயே வராது. விடுதியில் மேல்வகுப்பு அண்ணன் ஒருவரிடம் போவோம். அவர் கடகடவென்று போட்டு, "அவ்வளவுதான், புரிஞ்சுதா?" என்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டுவோம். வெளியே வந்ததும், "உனக்குப் புரிஞ்சுதா?" என்று நீ என்னைக் கேட்பாய், நான் உன்னைக் கேட்பேன்.

அல்ஜீப்ராவில் நீ கொஞ்சம் தேவலை. கால்குலஸில் இருவருமே பூஜ்யம். dy, dx இரண்டிலும் உள்ள d-யை, "மேலயும் இருக்குது, கீழயும் இருக்குது, அடிச்சுடு" என்று சொல்லி, ஒரு பக்கம் முழுக்க அடித்துத் தள்ளினாயே! அதைப் பார்த்து நானும் அடித்தேன். மார்ச் பரீட்சையில் இருவருக்கும் கணக்கு போயிற்று.

எனக்கு அது வெறும் அவமானம். உனக்கு அப்படியில்லை. உன் அப்பா ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்: "செப்டம்பர்ல மறுபடி எழுதித் தேறுனீனா மேல படி. இல்லீன்னா மொளகுக் கொடிக்கு வந்துரு." நீயும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நீ.

அதனால்தான் ஆடி மாதத்தில் புத்தகங்களைத் துணியில் கட்டிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து உன் பின்னால் மலையேறினேன். அப்போது ரோடு ஏது? நீ பேசிக்கொண்டே ஏறினாய், நான் மூச்சுவிட்டுக்கொண்டே ஏறினேன். உங்கள் வீட்டில் சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார்கள். "நல்லாத் தின்னு சாமி, தின்னாத்தான் கணக்கு ஏறும்" என்று உன் அம்மா இன்னொரு கரண்டி வைத்தார்கள்.

திரிகோணமிதி மண்டையில் ஏறவே இல்லை. "புஸ்தகப் படத்துல இருக்கற மரத்த உட்டுத் தள்ளு. நம்ம பலாமரத்த அளந்து பாக்கலாம் வா" என்றாய். பாகைமானியில் நூல் கட்டி, நூல் நுனியில் கல் கட்டினோம். கயிற்றால் தூரம் அளந்து, உழுது போட்டிருந்த காட்டில் கண்ணைத் தரையோடு வைத்துக் குப்புறப் படுத்தோம். வழியோடு போன ஒருவர், "ஏனுங்க, பாம்பு பூந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி நடந்தார்.

மரத்துக்குக் கீழ்ப்பக்கம் படுத்து அளந்தபோது மரம் அறுபது அடிக்கு மேல் வந்தது. மேல்பக்கம் போய் அளந்தால் நாற்பதைக்கூட எட்டவில்லை. மறுபடி அளந்தோம், மறுபடியும் அதே கதை. நான் பாகைமானியைத் திட்டினேன், நீ என் கண்ணைத் திட்டினாய். "தரை சமமா இருக்குதாடா?" என்று நான் கேட்டதற்கு உனக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க காட்டுலயே இதுதான்டா சமம்!" என்றாய். இரண்டு வாரமாக மேடும் பள்ளமுமாக நடந்து பழகிய என் காலுக்கும் அது சமமாகத்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா குழம்புக்குக் காய் கேட்டார்கள். நீ ஏறி ஒரு காயை வெட்டிப் போட்டாய். அது விழுந்த இடத்தில் நிற்காமல் உருண்டது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, காட்டைத் தாண்டி ஓடைவரை. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். காயைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தபோது, நீ கிளையில் உட்கார்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தாய்.

"சமமில்லடா! சமமே இல்ல!"

அன்று பிடித்துக்கொண்டது உனக்கு. சரிவுக்கு ஒரு கோணம் வைத்து, படம் வரைந்து, மேலிருந்து போட்டாலும் கீழிருந்து போட்டாலும் ஒரே உயரம் வரும்வரை நீ எழுந்திருக்கவில்லை. வந்ததும் என் முதுகில் ஓர் அடி அடித்தாயே, அப்பா! அதற்குப் பிறகு திரிகோணமிதியில் எந்தக் கணக்கும் நமக்குப் பயமாக இல்லை.

செப்டம்பர் தாளில் அந்தக் கேள்வி வந்தது. ஒருவன் கோபுரத்தின் உச்சியைப் பார்க்கிறான், கொஞ்ச தூரம் நடந்து மறுபடி பார்க்கிறான், உயரம் என்ன. நான் நாலு வரியில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். வெளியே வந்தபோது உன் முகம் மலர்ந்திருந்தது.

"கோபுரக் கணக்கு கவனிச்சியா? தரை சமதளம்னு அவங்க சொல்லவே இல்ல. நான் சரிவுக்கும் ஒரு கோணம் வெச்சு முழுசாப் போட்டேன். அதுக்கே நேரம் போயிருச்சு. கடைசி ரெண்டு கணக்கத் தொடல."

"சொல்லாட்டியும் சமதளம்னுதான்டா அர்த்தம்" என்றேன்.

"அது எப்படி?" என்று நீ கேட்டாய். நிஜமாகவே தெரியாமல் கேட்டாய். மலையில் பிறந்தவனுக்கு, சொல்லாத தரை சரிவாகத்தானே இருக்கும்?

பேப்பரில் முடிவு வந்த காலையில் சேந்தமங்கலம் டீக்கடையில் இருவரும் நின்றோம். நீதான் பேப்பரை வாங்கினாய். "இருக்குதுடா, உன் நம்பர் இருக்குது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். அப்புறந்தான் உன்னுடையதைத் தேடினாய். இரண்டு தடவை பார்த்தாய். பேப்பரை மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்தாய்.

"மார்ச்சுல இன்னொருக்கா எழுதுடா" என்று கெஞ்சினேன்.

"அப்பாகிட்டச் சொன்ன சொல்லு சொல்லுதான். நீ படி. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் நடந்தாய்.

அப்புறம் மிளகு போட்டாய், கல்யாணம் செய்தாய், பிள்ளைகளைப் படிக்க வைத்தாய். நான் எப்போது வந்தாலும் அந்தப் பரீட்சையைப் பற்றி நீ ஒரு குறை சொன்னதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. உன் தாளைத் திருத்தியவர் அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தாரா, விடையைப் பார்த்ததும் கோடு போட்டாரா என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

நான் கணக்கு வாத்தியாராகி, ஓய்வு பெறும்வரை வருடாவருடம் பரீட்சைத் தாள் திருத்தினேன். தப்பான விடை என்று தெரிந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்காமல் கோடு போட்டதில்லை. மற்றவர்கள் தங்கள் தாள்கட்டைத் திருத்தி முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், நான் உட்கார்ந்திருப்பேன். கோபுரக் கணக்கு வந்த வருடங்களில், தரையைச் சரிவாக வரைந்த பையன் ஒருவனாவது வருவான் என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். கடைசிவரை வரவே இல்லையடா.