தண்ணீர் மந்திரிக்கு

நனைந்த தேங்காய் நார்க் கயிற்றுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் சேறு. ஊரப்பாக்கத்தில் உன் வீட்டு வாசலில் போட்டிருந்த காரியப் பந்தலின் கால்களை அந்தக் கயிற்றால்தான் கட்டியிருந்தார்கள். காலையில் ஒரு தூறல் விழுந்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்த நான், செருப்பைக் கழற்றும்போது தடுமாறாமல் இருக்கப் பந்தல் காலைப் பிடித்தேன். கயிறு கையில் பட்டது. அந்த வாசனை எழுந்ததும், தோளில் தாம்புக் கயிற்றை மாலையாகப் போட்டுக்கொண்டு விடுதிக் கிணற்று மேட்டில் நீ நிற்பது தெரிந்தது.

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். துக்க வீட்டில் சிரித்தபடி நுழைந்ததை யாராவது பார்த்திருந்தால் தப்பாக நினைத்திருப்பார்கள். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இரண்டு வாரமாகிறது, இன்னும் நிலைகொள்ளவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குப் புரியும் என்று நீ கேலி செய்வாய். இப்போதும் அப்படித்தான்.

செங்கல்பட்டுக்கு வெளியே, ரயில் கூவுவது கேட்கும் தூரத்தில் இருந்தது நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஓட்டுக் கூரை, இரண்டு நீள விடுதிகள், நடுவில் மணல் முற்றம். புளியமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்தால் எழுந்திருக்க வேண்டும். பிரார்த்தனை, நூல் நூற்பு, கோதுமை உப்புமா. அந்த உப்புமா ஆறிவிட்டால் தட்டைக் கவிழ்த்தாலும் விழாது. மத்தியானம் மாதிரிப் பாடம். ஒருவன் பாடம் நடத்துவான், மற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து குறை சொல்வார்கள். நீ நடத்திய முதல் பாடத்தில் நிலப்படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "பசங்க முழிச்சிக்கினு இருக்காங்களான்னு பாத்தேன் சார்" என்று சமாளித்தாயே, அதை நான் என் பள்ளியில் பலமுறை திருடிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அங்கே வேலையாட்கள் குறைவு. விடுதியை நாமேதான் நடத்தினோம். அதற்கு ஒரு மந்திரிசபை. உணவு மந்திரி, சுகாதார மந்திரி, விளக்கு மந்திரி என்று கல்லூரி திறந்த முதல் மாதமே தேர்தல் நடக்கும். குடத்தில் தண்ணீர் நிரம்புகிறதா என்று பார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் விடுதியின் வயல் கிணற்றில் குதித்துக் குளிக்கும்போது யாரும் முழுகிவிடாமல் கயிற்றோடு மேலே நிற்பதும் தண்ணீர் மந்திரியின் வேலை. நெம்மேலிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் உன் ஊர் என்று தெரிந்ததும் வேறு பெயரையே யாரும் சொல்லவில்லை.

"கடல்காரன் ஒருத்தன் நம்மகிட்ட கீறான். தண்ணிக்கு வேற ஆளத் தேடுவாங்களா?" என்றான் திருக்கழுக்குன்றத்துக் குண்டன். அவன்தான் உணவு மந்திரி.

நீ எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "சரிடா. ஆனா ஒரு கண்டிஷன். மந்திரி தண்ணில எறங்க மாட்டான். நானும் எறங்கிட்டா கயிற எவன் புடிக்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது. கை தட்டி ஏற்றுக்கொண்டோம்.

அந்த இரண்டு வருஷமும் நீ கிணற்று மேட்டை விட்டுக் கீழே இறங்கவில்லை. குண்டன் உள்ளேயிருந்து தண்ணீரை வாரி உன்மேல் இறைப்பான். "கடல்ல பொறந்தவன் பக்கெட்ல குளிக்கிறான்டா, பாருங்கடா."

"மீனு எங்கனா கெணத்துல குளிக்குமாடா?" என்பாய் நீ. கிணறே அதிரும்படி சிரிப்போம்.

இதோடு விட்டாயா? மேலே நின்றபடி மற்றவர்களுக்கு நீச்சல் வேறு சொல்லிக்கொடுத்தாய். முதுகில் காலி டின்னைக் கட்டிக்கொண்டு இறங்கும் பையன்களிடம், "வயித்தத் தூக்குடா, தலைய அமுக்காத, கால கத்திரி மாதிரி அடி" என்று கத்துவாய். உன் சத்தத்தைக் கேட்டே பலர் நீந்தப் பழகிவிட்டார்கள். பெரிய ஆசிரியன்தான் நீ.

அடுத்து கடற்கரை. இயற்கைப் பாடத்துக்குச் சிப்பியும் சங்கும் சேகரிக்க மாமல்லபுரம் போன நாள். நம்மை அழைத்துப் போன ஆசிரியர், ஓவியம் வரைபவர்களோடு பாறைகளின் பக்கம் தங்கிவிட்டார். நாம் ஏழெட்டுப் பேர் மணலோடு வடக்கே நடந்தோம். நீ கிணற்றுக் கயிற்றைத் தோளில் போட்டு வந்திருந்தாய்.

"கடலுக்குக் கயிறு எடுத்தாந்த மொத ஆளு நீதான்டா," என்றான் குண்டன். "எத கட்டி இழுக்கப் போற?"

"உன்னத்தான். ராஜினாமா பண்ற வரைக்கும் கயிறு என்கூடத்தான் இருக்கும்."

நான் மதுராந்தகம் ஏரியில் வளர்ந்தவன். ஏரியைக் குறுக்கே கடந்தவனுக்குக் கடல் எம்மாத்திரம் என்று ஒரு திமிர். சட்டையோடு இறங்கினேன். "மச்சான், முட்டிக்கு மேல போவாத. ஏரி வேற, இது வேற," என்று நீ கரையிலிருந்து சொன்னாய். நீ வேண்டுமானால் துணிகளுக்குக் காவல் இரு என்று நான் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னேன்.

காலடி மணல் நழுவியது. அவ்வளவுதான் தெரிந்தது. அடுத்த அலை தலைக்கு மேல் போனது. எழுந்து பார்த்தபோது கரை தள்ளிப் போயிருந்தது. நீந்தினேன். நீந்த நீந்தக் கரை இன்னும் தள்ளிப் போயிற்று. ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். இந்தத் தண்ணீர் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. கத்த வாயைத் திறந்தால் உப்பு நிறைந்தது. கைகள் என்னுடையவையாக இல்லை. கரையில் நீ இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருப்பதை ஒரு அலையின் உச்சியிலிருந்து பார்த்தேன். அடுத்த உச்சியில் நீ கரையில் இல்லை.

பிறகு என் பின்னந்தலை முடியை ஒரு கை பற்றியது. இன்னொரு கை சட்டைக் காலரை முறுக்கிப் பிடித்தது. உன் முகம் என் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. உன் கண்கள் இறுக மூடியிருந்தன. வாய் திறந்திருந்தது. கயிறு இழுபட்டது. இருவரும் முழுகி, எழுந்து, முழுகி, கடைசியில் மணலில் வந்து விழுந்தோம்.

கரையில் நடந்ததைக் குண்டன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பும் வழியில் பஸ்ஸே கேட்கும்படி அவன் கதை சொன்னான். மறுமுனையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீ உத்தரவு போட்டாயாம்: "நான் கையக் கால ஆட்னா கண்டுக்காதீங்க. இழுத்துடாதீங்க. அவனப் புடிச்சிட்டேன்னு தெரிஞ்சாதான் இழுக்கணும்." அப்புறம் திரும்பிப் பார்க்காமல் ஓடி அலையில் விழுந்தாயாம்.

"இன்னா அடிடா அது," என்றான் குண்டன். "கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். தலை உள்ள போவுது, வெளிய வருது. நம்ம கெணத்து நீச்சல் மாதிரியே இல்ல. அதாண்டா கடல்காரன் நீச்சல்."

பஸ்ஸில் எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ ஜன்னலோரம் ஈரக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாய். என் நடுக்கம் நின்ற பிறகும் உன்னுடையது நிற்கவில்லை. குளிர் என்று நினைத்து என் துண்டைக் கொடுத்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது நீ என் காதருகில் ஒன்றே ஒன்று சொன்னாய். "எங்கம்மாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது மச்சான்."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

நான் உதாரணத்தால் பிழைத்த வாத்தியார் என்பது உனக்குத் தெரியும். பின்னத்துக்குத் தோசை, சுற்றளவுக்கு வயல் வரப்பு. கற்ற வித்தை ஒருநாள் கைகொடுக்கும் என்று சொல்ல வேண்டி வந்தால், அதற்கு நீ. ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். "என் நண்பனுக்கு நீச்சல் தெரிந்திருந்தது. அதனால் நான் உங்கள் முன்னால் நிற்கிறேன். போய்க் கற்றுக்கொள்ளுங்கள்." பையன்கள் மட்டுமல்ல, பெண்பிள்ளைகளும் ஏரியில் பழகினார்கள்.

ஒருமுறை எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு உன்னை அழைத்து, மேடையில் உட்கார வைத்து, இதே கதையைச் சொன்னேன். நீ தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தாய். பேசச் சொன்னதும் மைக்கைப் பிடித்து, "இங்க யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்? கையத் தூக்குங்க" என்றாய். பிள்ளைகள் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். நீ மைக்கைப் பிடித்தபடி நின்றாய். "நல்லது. இவ்ளோ பேர் இருக்கீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய்.

உன் பந்தலுக்கு வருகிறேன். உன் பேத்தி எனக்கு நாற்காலி போட்டு, "தாத்தாவ உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்? ஆரம்பித்துவிட்டேன். கிணறு, மந்திரிசபை, பக்கெட் குளியல் எல்லாவற்றையும் சொன்னேன். பந்தலில் இருந்தவர்கள் நாற்காலிகளை என் பக்கம் திருப்பினார்கள். கடல் வந்தது, கயிறு வந்தது. "உங்கள் தாத்தா மாதிரி நீந்துகிறவனை நான் பார்த்ததே இல்லை," என்று முடித்தேன்.

காபி கொடுத்துக்கொண்டிருந்த உன் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருக்கு நீச்சல் தெரியும்ன்றீங்கண்ணா?"

"உன் வீட்டுக்காரருக்குத்தான்மா."

"அவருக்கு ஏதுண்ணா நீச்சல்?"

அவள் விளையாடவில்லை. விளையாடும் நாளும் அல்ல. சுவரோரம் உட்கார்ந்திருந்த உன் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா தம்பி? எங்க நைனா கடலுக்குப் போனவரு திரும்பி வரல. இவன் அப்பத்தான் சுவத்தப் புடிச்சி நடந்துக்கினு இருந்தான். அன்னிலேர்ந்து எங்கம்மா இவன அலைல கால் நனைக்க வுடல. கொஞ்சம் வளந்ததும் செங்கல்பட்டு ஸ்கூல் ஹாஸ்டல்ல கொண்டாந்து போட்டுட்டாங்க. லீவுக்கு வந்தாலும் வூட்டுக்குப் பின்னால அண்டாத் தண்ணிதான். எங்க குப்பத்துல நீச்சல் தெரியாத ஆம்பள இவன் ஒருத்தன்தான்."

காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. காலுக்குக் கீழே அந்த மணல் மறுபடி நழுவியது போல இருந்தது.

"அப்போ கடலில் அன்றைக்கு..."

"கயித்தக் கட்டிக்கினு எறங்கினேன்னு சொல்லியிருக்காருண்ணா," என்றாள் உன் மனைவி. "உங்களப் புடிச்ச தண்ணி தன்னையும் அதே எடத்துக்குத்தான் இட்டுக்கினு போவும்னு நெனச்சாராம். அது மட்டுந்தான் அவரு போட்ட கணக்கு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நானும் கேட்டேண்ணா. 'அவன் அந்தக் கதையச் சொல்லித்தான் பசங்கள நீச்சல் கத்துக்க வைக்கிறான், அத ஏன் கெடுக்கணும்'னு சிரிப்பாரு."

உன் பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ தாத்தா ஏன் எறங்கினாரு?" என்று கேட்டாள். எல்லாக் கேள்விக்கும் ஒரு உதாரணம் வைத்திருந்தவன் நான். மழை பிடிக்கும் முன் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஏதோ சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு வாரமாக உன்னைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் வேறாக இருக்கிறது. உப்புக்காக மூடியிருக்கிறாய் என்று நான் நினைத்த கண்கள். குளிர் என்று நினைத்த நடுக்கம். என் மானத்துக்காக என்று நினைத்த உன் அம்மாவைப் பற்றிய அந்த வார்த்தை. அத்தனை பேர் பார்த்து வியந்த அந்தக் கடல் நீச்சல். நீ நீந்தவே இல்லை. நீ முழுகிக்கொண்டிருந்தாய். முழுகிக்கொண்டே வந்து என்னைப் பிடித்தாய்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த உத்தரவு. கைதேர்ந்தவனின் அலட்சியம் என்று அதை நாங்கள் விடுதியில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். சாப்பாட்டு வரிசையில் கூட, "நான் கையக் கால ஆட்னா கண்டுக்காதீங்கடா" என்று குண்டன் உன்னைப் போல நடித்துக் காட்டுவான். நீயும் சிரிப்பாய். இப்போதுதான் எனக்குக் கேட்கிறது. உள்ளே போனதும் பயத்தில் நீ கையைக் காலை ஆட்டுவாய் என்பது உனக்கு முன்பே தெரியும். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவர்கள் உன்னை இழுத்துவிட்டால் நான் போய்விடுவேன் என்பதும் தெரியும். உன் பயத்திடமிருந்து என்னைக் காப்பாற்ற, கரையிலேயே நீ ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

பின்னந்தலையில் நீ பிடித்த இடத்தில் இப்போது முடி இல்லை. தலை துவட்டும்போது துண்டு அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. உன் பேத்திக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மறுபடி ஊரப்பாக்கம் போகிறேன். பதில் தெரிந்துகொண்டு போகவில்லை.

கண்டுகொள்ளாதீர்கள் என்றாய். நீ சொன்னபடியே, கடைசி வரைக்கும் நாங்கள் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.