அக்கா பாடு

அக்கா,

இன்று காலை வாசல் சுவரில் இருந்த ஏல நோட்டீஸைச் சுரண்டி எடுத்தேன். பைனான்ஸ்காரர்கள் எந்தப் பசையை வைத்து ஒட்டினார்களோ, காகிதம் வெயிலில் மக்கிப்போயும் நாலு மூலையும் சுவரை விட்டு வரமாட்டேன் என்றன. கடைசியில் தோசைத் திருப்பியை வைத்துச் சுரண்டினேன். சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அடுத்தாற்போல் உன் வீட்டுச் சுவர். உன் பக்கத்து நோட்டீஸ் எப்போதோ போய், அதன்மேல் நீல பெயின்ட் அடித்து, அந்த பெயின்ட்டும் பழசாகிவிட்டது. எனக்கு இன்றைக்குத்தான் விடிந்திருக்கிறது. எதிலும் நீ எனக்கு முந்தித்தான் என்று இந்தச் சுவர்கூடச் சொல்லிக்காட்டுகிறது.

ஓரகத்திகள் என்றால் கொஞ்சம் உரசல் இருக்கும் என்பார்கள். நம்முடையது கொஞ்சம் இல்லை. இந்த வீட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைத் தோணிரேவிலிருந்து நீ வந்தாய். உனக்கு ஏரியும் தெரியும், மீன் ஏலமும் தெரியும். நான் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவள், தம்பியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். மாமியார் என் மீன்குழம்பை வாயில் வைத்துவிட்டு, பெரியவளைக் கேட்டுக்கொள் என்பார். அதுகூடப் பரவாயில்லை. ஊரே உன்னை அக்கா என்று கூப்பிட்டது. உன்னைவிட மூத்த ஆம்பளைகள்கூட. அப்படிக் கூப்பிட முறை உள்ளவள் நான் ஒருத்திதான். அந்தச் சொல்லையும் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

உன் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மீன் பிடிக்கிற ஊரில் எதற்கு ஃபிரிட்ஜ் என்று வெளியே சிரித்தேன், உள்ளே எரிந்தது. கேட்டதற்கு, கம்பெனித் துட்டு என்றாய். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து பைனான்ஸில் கடன் வாங்க வேண்டும், அந்தப் பணத்தை அந்தக் கம்பெனியில் போட வேண்டும். கடன் தவணையைக் கம்பெனியே கட்டும், அதற்கு மேல் மாதாமாதம் நம் கைக்கும் ஏதோ வரும். உன் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு கூடை சுமந்து மகனை வளர்த்தவள் நீ. உனக்கு அது தேவையாக இருந்தது. எனக்கு என்ன தேவை? உனக்கு வருகிறது, எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். இவரை நச்சரித்து அடுத்த மாதமே எங்கள் பத்திரத்தையும் கொண்டுபோய் வைத்தோம்.

ஊரில் பாதி வீடு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் பார்த்தால் கம்பெனி ஆபீஸில் பூட்டுத் தொங்குகிறது. போட்ட பணம் போய்விட்டது, வாங்கிய கடன் மட்டும் நம் தலையில் நின்றது. வீட்டை ஏலம் விடுவோம் என்று சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டினார்கள்.

போலீசில் எழுதிக்கொடுத்தோம். சென்னைக்கும் ஊருக்குமாக நடந்தோம். கம்பெனிக்காரன் வாங்கிப் போட்டிருந்த மனைகளைக் கோர்ட்டு ஒவ்வொன்றாக விற்றது. விற்கிற பணம் ஏமாந்தவர்களுக்குப் பங்காக வந்தது. ஆனால் தலைக்கு வந்தது கொசுறு. பைனான்ஸ்காரரோ, கடனை மொத்தமாகக் கட்டினால் வட்டியைத் தள்ளிவிட்டுப் பத்திரத்தைக் கொடுப்பேன், துளித்துளியாகக் கட்டினால் அது வட்டிக்கே சரி என்று சொல்லிவிட்டார். கையில் பணம் வந்தும் ஒரு வீடுகூட மீளவில்லை.

அப்போதுதான் அந்த மத்தியானம். பின்கட்டில் நீயும் நானும் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை. நான் ஏதோ யோசனையில் இருந்தவள் சட்டென்று கேட்டேன்.

“ஏரில எல்லாரும் ஒரே நாள்ல ஒரே எடத்துல வலை வுட்டா கொழம்புக்குக்கூட தேறாதுனுதானே பாடு வெச்சிகீறீங்க. இந்தத் துட்டுக்கும் பாடு வெச்சா இன்னா?”

பாடு என்றால் என்ன என்று கட்டிக்கொண்டு வந்த புதிதில் நீதான் எனக்குச் சொன்னாய். ஏரியில் இறால் விழும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இன்று இவருக்கு, நாளை அடுத்தவருக்கு. முறை வரும்வரை அந்தத் தண்ணீரில் வேறு யாரும் வலை விடக்கூடாது. அதுபோல, எல்லாருடைய பங்கையும் ஒன்றாகச் சேர்த்து, கோர்ட்டுப் பணம் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் சில வீடுகளை மீட்டுவிட்டால் என்ன என்றுதான் கேட்டேன். நீ இறால் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாய். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாய்.

சாயங்காலம் மீன் ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். எங்கள் வீட்டுச் சார்பில் இவர் போனார், அதனால் நான் வெளியே பெண்களோடு நின்றேன். உன் வீட்டில் ஆம்பளை இல்லை என்று நீயே உள்ளே போய் உட்கார்ந்தாய். கொஞ்ச நேரத்தில் உன் குரல் கேட்டது. கூடை மீனை விற்றுப் பழகிய குரல், கடைசி ஆள்வரை கேட்கும். “கொழம்புக்குக்கூட தேறாது” என்பதுவரை அப்படியே, ஒரு சொல் மாறாமல் சொன்னாய். ஊர்த் தலைவர் எழுந்து நின்றார். ஆம்பளைகள் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்றவள் என் தோளை இடித்து, உங்க அக்கா மூளையே மூளை என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், அது என் யோசனை என்று இவரிடம் சொன்னேன். உனக்கு எப்பவும் அண்ணிமேல காண்டு என்று சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் உன்னை மடக்கிக் கேட்டேன். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாய்.

“நீ சொன்னா உன் வூட்டோட போச்சி. நான் சொன்னதால ஊருக்குப் போச்சி. இன்னா இப்போ?”

சீட்டுப் போட்டார்கள். கோயில் வாசலில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். முதல் சுற்றிலேயே உன் வீடு. என் வீடு கடைசிச் சுற்றில். சாமிகூட உன் பக்கம்தான் என்று அன்றைக்கு நான் கோயிலுக்குள் போகாமலே வந்துவிட்டேன். ஊர் அதற்கு ‘அக்கா பாடு’ என்று பேரும் வைத்துவிட்டது. பஸ்ஸில், மார்க்கெட்டில், போகிற இடமெல்லாம் அக்கா பாடு எப்படிப் போகிறது என்று என்னிடமே விசாரித்தார்கள். நன்றாகப் போகிறது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் சுற்றுப் பணம் வந்தபோது, வீடு மீண்டவர்கள் இழுக்க ஆரம்பித்தார்கள். என் பத்திரம் வந்துவிட்டது, இனி எதற்கு என் பங்கைப் போட வேண்டும் என்று ஒருவர் கேட்க, நாலு பேர் தலையாட்டினார்கள். அதோடு எல்லாம் முடிந்திருக்கும், என் வீடும் போயிருக்கும். முதலில் மீண்ட வீடு உன்னுடையது. நீ எழுந்துபோய் உன் பங்கைத் தலைவர் முன்னால் வைத்தாய். உன் வூடுதான் வந்துட்சே, நீ ஏன் போடுற என்று அவர் கேட்டார். “இன்னொருத்தன் நாள்ல நான் வலை வுடுவனா?” என்றாய். இழுத்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்து தங்கள் பங்கை வைத்தார்கள். அந்த வரி என்னுடையது இல்லை. எனக்கு வந்திருக்காது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் நீ போய்விட்டாய். பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய் வந்து, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று பாயைப் போட்டவள்தான். அன்றைக்கு ஒரு படகும் இறங்கவில்லை. வந்த கூட்டத்தைப் பார்த்து, அழுதுகொண்டே, எனக்கு இதில் கால்வாசி வருமா என்று நினைத்தேன். உன் சாவிலும் உன்னிடம் தோற்றேன்.

கடைசிச் சுற்றுப் பணம் வந்தது. உன் பங்கு இப்போது உன் மகனுடையது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் முடிந்து அவன் வீட்டில் இருந்தான். பெண்டாட்டி மாசமாக இருந்தாள். ஷேர் ஆட்டோ வாங்கப் பணம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கொடுக்கவில்லை என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்கா மகனே போடவில்லை என்று ஆகிவிட்டால், ஊரில் ஒருத்தரும் போடமாட்டார்கள். பைனான்ஸ்காரர் எங்களுக்குக் கடைசிக் கெடு சொல்லியாகிவிட்டது. இந்த வீட்டை விட்டால் எங்களுக்கு வேறு கூரை இல்லை.

போய்க் கேள் என்றார் இவர். உன் வீட்டு வாசலில் நின்றேன். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அது உங்க அம்மா யோசனை இல்லடா, நான் சொன்னது, அந்த உரிமையில் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவன் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு முந்திக்கொண்டான்.

“சின்னம்மா, எனக்குத் துட்டு தேவைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது எங்க அம்மா வெச்ச பாடு. வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.”

வேற யாரு. அந்த ‘வேற யாரு’தான் நான். வாய் வரை வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு, நல்லா இருப்பா என்றேன். அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னான். குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் அவன்தான் பங்கை வைத்தான். அவன் பின்னால் வரிசையாக மற்றவர்களும் வைத்தார்கள். என் வார்த்தையாக இருந்திருந்தால் என் வீடு போயிருக்கும். உன் வார்த்தையாக ஆனதால்தான் எனக்கு வீடு.

நேற்று பத்திரம் கைக்கு வந்தது. எல்லாம் உங்க அக்கா புண்ணியம் என்றார் தலைவர். நான் தலையை ஆட்டினேன். இனி யாரிடமும் சொல்லவும் முடியாது. செத்தவள் பேரைப் பிடுங்குகிறாள் என்பார்கள். கொட்டகையில் உன் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உன்னை முறைத்துவிட்டுத்தான் போகிறேன்.

ஆனால் ஒன்று. குழாயடியில், கோயிலில், பின்கட்டில் என்று எத்தனை தடவை உன்னிடம் சண்டைக்கு வந்திருப்பேன். திட்டினாய், சிரித்தாய், குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாய். ‘அது உன் வார்த்தை இல்லை’ என்று மட்டும் நீ ஒருநாளும் சொன்னதில்லை. கட்டின புருஷன் நம்பவில்லை, ஊர் நம்பாது. அது என் வார்த்தை என்று நம்பிய ஒரே ஒருத்தி, அதை என்னிடமிருந்து திருடினவள்தான்.