ஒரு ‘வர்றேன்’, இரண்டு படங்கள்

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் முழங்கால் வலி வழக்கம்போல, மாடி ஏறும்போது மட்டும் வரும், நாற்காலியில் உட்கார்ந்து என்னை ஏவும்போது வராது. எனக்குப் பள்ளிச் சீருடைத் தையல் தலைக்குமேல் கிடக்கிறது, நாற்பது சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்க வேண்டும். அதைப் போட்டுவிட்டு எழுதுகிறேன் என்றால் விஷயம் இருக்கிறது என்று உனக்கே தெரியும். காற்புள்ளி அரைப்புள்ளி எல்லாம் முன்னே பின்னே இருக்கும், அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்த உன் அப்பாவிடம் காட்டாமல் எழுதும் கடிதம் இது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். அந்தக் கடிகாரக் கடைக்காரர் மகள் கதையை மறுபடி எடுத்திருக்கிறார்கள். பழைய படத்தை டிவியில் எங்களோடு எத்தனை தடவை பார்த்திருப்பாய். கல்யாணமான புதிதில் நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் படம், அதனால் அதை யாராவது குறை சொன்னால் பெண்டாட்டியைக் குறை சொன்னதுபோல் அப்பாவுக்குக் கோபம் வரும், நிஜப் பெண்டாட்டியைச் சொன்னால் வராது. வேலைக்காகத் தூரம் போன மகள் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதுவாளே, அப்பா, நான் வர்றேன் என்று. பழைய படத்தில் அடுத்த காட்சியிலேயே அவள் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குவாள், கடைக்காரர் கண்ணில் மாட்டிய லென்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வருவார், தியேட்டரே அழும். புதுப் படத்தில் அதே வரியை எழுதி உறையை ஒட்டிவிட்டு அவள் பாட்டுக்கு அங்கேயே வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். இங்கே கடைக்காரர் அவளுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கிறார். அத்தோடு படம் முடிந்தது.

வர்றேன்னு எழுதினவ வரலைன்னா அது என்ன படம், கதையையே குட்டிச்சுவராக்கிட்டானுங்க என்று அப்பா பஸ் நிறுத்தம்வரை திட்டிக்கொண்டே வந்தார். நியாயமாகச் சொன்னால் புதுசு ஒன்றும் மோசமில்லை. பழையதில் அந்த ஏழைப் பெண் காட்சிக்கு ஒரு உடுப்பு மாற்றுவாள், இவளுக்குப் படம் முழுக்க இரண்டுதான், ஒன்றில் கை ஓரம் பிரிந்து மறுபடி தைத்திருக்கிறது. அதைச் சொன்னேன், உனக்குத் தையலை விட்டா என்ன தெரியும் என்றார். வீட்டுக்கு வந்ததும், நாவல்லயே இருக்கு பார் என்று இரண்டு படத்துக்கும் மூலமான புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். அந்த வரி இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் தாள். பஸ்ஸும் இல்லை, தட்டும் இல்லை. வாசலைத் தாண்டும்போதும் வர்றேன்னுதானே சொல்றோம், போறேன்னு யார் சொல்லுவா என்று மெதுவாகச் சொன்னேன். புத்தகத்தில் ஒரு கோடுகூடப் போடாத மனிதர், பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்கு முன்னால் விட்டுப்போன வார்த்தைக்குப் போடும் குறியைப் போட்டார். எந்த வார்த்தை என்று மட்டும் எழுதவில்லை. இன்னும் ஒரு வார்த்தை எழுதியிருந்தா கை தேஞ்சா போயிருக்கும் என்றார்.

யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். வேலை இடத்தில் அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதி, சரிப்பா, வர்றேன் என்று முடித்திருந்தாயே. அப்பா அதைப் பழைய படமாகப் படித்துவிட்டார். கடிதம் வந்த மறுநாளே உன் அறையில் கிடந்த என் துணி மூட்டைகளைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வண்ணம் அடிக்க ஆரம்பித்தார், மாடி வீட்டு நர்ஸிடம் அவ வந்துடறா என்று சொல்லியும் விட்டார். ஊரார் எழுத்திலெல்லாம் பிழை பிடித்தவர் மகள் எழுத்தில் கோட்டை விட்டார். நான் முதல் நாளே புதுப் படமாகத்தான் படித்தேன். ஆனால் அவர் விசிலடித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது, சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் இரண்டு தடவை பேசினாயே, அப்போதாவது கேட்டாரா. கேட்டா அவளைப் பிடிச்சு இழுக்கற மாதிரி ஆயிடும் என்கிறார். பயம், வேறொன்றுமில்லை. எனக்கும்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விசில் இல்லை, ஜன்னல் பாதி வண்ணத்தோடு நிற்கிறது.

நீ வர வேண்டும் என்பதுதான் என் ஆசை, மூடி மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே இருக்கத்தான் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் இரு, நீ கஷ்டப்பட்டுச் சம்பாதித்த இடம் அது. நான் நாலு நாள் அழுவேன், அப்புறம் காஜா எடுக்கப் போய்விடுவேன். அவரும் தாங்கிக்கொள்வார். அவரால் தாங்க முடியாதது தெரியாமல் இருப்பதுதான்.

எங்கே இருந்தாலும் கை நிறைய வேலையும் கண் நிறையத் தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும். குளிருக்குப் போடும் கோட்டின் உள்துணி பிரிந்தால் ஊக்கு குத்திக்கொண்டு திரியாதே, நாலு தையல் போடு. அப்பாவுக்கு உடனே எழுது. வருகிறாய் என்றால் தேதி போடு, வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுது. முடிக்கும்போது வர்றேன் என்று மட்டும் போடாதே. அதை ஒரு தடவை இங்கே வந்து, நாலு நாள் இருந்துவிட்டு, கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் நல்லதையே நினைத்திருக்கும்
அம்மா