சித்தப்பா குளிப்பாட்டிய கருவி

அதைத்தான் கண்ணு சொல்ல வர்றேன், சித்தப்பா ஏன் பேச மாட்டேங்கறார்னு போன்ல கேட்டியே, அவர் பக்கத்துலயே படுத்திருந்தார், அதான் மழுப்பிட்டேன். நாங்க கடவுள் புண்ணியத்துல உசிரோட இருக்கோம், நீயும் அங்க குளிருக்கு இழுத்துப் போத்திக்கிட்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு தினமும் கும்பிட்டுக்கறேன். மக்காச்சோளம் போச்சுடி. முழுசாப் போச்சு. கதிர்ல மணி பிடிக்கல, மாட்டுக்குத்தான் அறுத்துப் போட்டோம்.

அரசாங்கத்துல இலவசமா ஒரு கருவி நட்டாங்கன்னு சொன்னேன்ல, மண்ணுல ஈரம் கொறைஞ்சா அதுவே மோட்டாரைப் போட்டுவிடும், போதும்னா நிறுத்திடும். விவசாய ஆபீசர் கிளம்பும்போது, ஐயா நீங்க சுவிட்சுப் பக்கமே போகாதீங்க, கருவியைச் சுத்தமா மட்டும் வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டுப் போனார். அவ்வளவுதான், உங்க சித்தப்பாவுக்குத் தலைகால் புரியல. தன் முதுகு தேய்க்கவே நாலு நாள் தள்ளிப்போடற மனுசன், விடிஞ்சதும் செம்புத் தண்ணியோட போய் அதைக் குளிப்பாட்டி, துண்டால துடைச்சுட்டு வந்துதான் காப்பியே குடிப்பார். கட்டிக்கிட்டு வந்த என்னை ஒருநாள் அப்படிப் பார்த்திருப்பாரா? மோட்டார் ஓடவே இல்ல. இலையெல்லாம் குழலாட்டம் சுருண்டு நின்னுச்சு. கையாலயாவது போட்டுவிடுங்கன்னு கெஞ்சினேன், பக்கத்து வயல்காரர் வாய்விட்டே திட்டினார். இவரோ கருவியோட கணக்கு வர்ற போனை நீட்டி, ஈரம் போதும்னு பச்சை விளக்கு எரியுது பாரு, உனக்குத் தெரியுமா அதுக்குத் தெரியுமான்னார். சாமியைக்கூட நான் அவ்வளவு நம்பினதில்ல, கடவுளே மன்னிச்சுக்கோ.

எல்லாம் கருகின பிறகு மோட்டார் மெக்கானிக் தம்பி வந்து பார்த்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு, அக்கா, தினம் இவர் ஊத்தின தண்ணியைத்தான் அது வயல் ஈரம்னு நினைச்சிருக்குன்னான். இவருக்கு இன்னும் தெரியாது. என் மண்ணு செத்துப்போச்சு, என் கைராசி போச்சுன்னு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கறார், சோறு இறங்கல. தன் கையாலயே பயிரைக் காயப்போட்டோம்னு தெரிஞ்சா தாங்குவாரா? சொல்லாம விட்டா அடுத்த வெள்ளாமை என்னாகும்? நீ சொன்னா கேட்பார். கருவிதான் பழுது, இனிமே தண்ணி படக்கூடாதாம்னு எதையாவது சொல்லு கண்ணு. இந்த ஒரு பொய்யைச் சாமி நம்ம ரெண்டு பேர் கணக்குலயும் எழுதாது.

நீ நோய் நொடியில்லாம நூறு வருசம் இருக்கணும். இருட்டினா தனியா நடக்காதே, ஞாயித்துக்கிழமை மறக்காமப் போன் பண்ணு.

உன்னைப் பெறாம வளர்த்த
சித்தி

ஐயோ, எழுதி முடிக்கும்போதே இந்தச் சேதி வந்துச்சு, ஞாயிறு வரைக்கும் இருக்காதே, இதைப் படிச்சதும் பேசு. ஊர்லயே கருவியைச் சுத்தமா வெச்சிருக்கறது இவர்தானாம், மேல வயல்லயும் ஒண்ணு நட வியாழக்கிழமை ஆபீசர் வர்றாராம். அதைக் கேட்டுத்தான் இப்ப எழுந்து உட்கார்ந்தார், ரெண்டாவது செம்பைத் தேய்ச்சுக்கிட்டிருக்கார்.