சேனைப் பூவின் சூடு

ஏப்ரல் 24, வெள்ளி
காலையிலிருந்து தூறல். ஞாயிற்றுக்கிழமை மகள் கௌரியைப் பெண் பார்க்க றொசல்லையிலிருந்து வருகிறார்கள். முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பாதி சுவருக்கு, மீதி என் தலைக்கு.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், போன வருடம் கினிகத்தேனைச் சந்தையில் வாங்கி நட்டு மறந்துபோன சேனைக்கிழங்கு. இலையே இல்லை. மண்ணைப் பிளந்துகொண்டு தேங்காய் அளவில் ஒரு கருஞ்சிவப்பு மொட்டு. சேனை பூக்குமா என்ன?

ஏப்ரல் 25, சனி
மாலை மழை விட்டதும் நாற்றம். செத்த எலி, சந்தேகமே இல்லை. ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை. எலி யாருடையது என்று சண்டை.

"ஒங்க பக்கந்தாண்ணே நாறுது." பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

"எலி என்ன, வீடு பாத்தா சாகுது?" நான்.

கூரைத் தகரத்தைக் கழற்றித் தேடினேன். எலி இல்லை. திரும்ப மாட்டிய இடத்தில் இப்போது ஒழுகுகிறது. மனைவி சரசு ஒழுகும் இடத்தில் சட்டியை நங்கென்று வைத்தாள்.

கௌரி: "நாளைக்கு இவங்களும் வாசலோட திரும்பிருவாங்கப்பா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முன்பு வந்த இரண்டு வீட்டாரும் பதிலே சொல்லவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு
பனிமூட்டம். ஈக்கள் போன வழியே போனேன். நாற்றம் மொட்டிலிருந்து! விரிந்துவிட்டது. முறம் அகலம், ஓரமெல்லாம் சுருக்கம், நடுவில் கறுத்த குமிழ்.

"வெட்டிப் போடுங்க, அவங்க வர்றதுக்குள்ள!" சரசு.

கத்தியோடு குனிந்து குமிழைப் பிடித்தேன். சூடு. இந்தக் குளிரில், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி. வெயில் இல்லை, அடுப்பு இல்லை. யார் மூட்டியது? கும்பிடத்தான் தோன்றியது. எட்டாம் வகுப்போடு நின்ற புத்தி வேறென்ன செய்யும்?

கௌரியும் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.
"வெட்டாதீங்கப்பா."
"மாப்பிள்ள வீடு?"
"இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும்."

மாலை வந்தார்கள். பையனின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
"எலி இல்லீங்க, பூவு," என்று உளறினேன். யாரும் நம்பவில்லை.
பையன் மட்டும் எழுந்தான். "பூவா? பாக்கலாங்களா?"

பின்பக்கம் கூட்டிப்போனேன். தேநீர்த் தட்டை வைத்துவிட்டுக் கௌரியும் வந்தாள். அவன் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து தொட்டான். வெடுக்கென்று கையை இழுத்தான்.

"சுடுதுல்ல?" கௌரி.

"ஆமாங்க." மறுபடியும் கை வைத்தான்.

"டேய், போவோம் வாடா!" வாசலிலிருந்து அவன் அம்மா.

"இரும்மா," என்றான். "நீயும் வந்து தொட்டுப் பாரு."