புரொப்பெல்லரில் ஒரு பல்

ஏப்ரல் 6

அன்புள்ள பெரிய சகலைக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீங்கள் பாலம் கட்டப் போனதிலிருந்து அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். என் மனைவிக்கு அக்கா துணை. எனக்கு இரண்டு மேலதிகாரிகள்.

நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய குட்டி விமானத்துக்குக் காம்போசிட் புரொப்பெல்லர் பூட்டியாகிவிட்டது. உள்ளே மரம், மேலே கார்பன் நாரும் பிசினும், அதன்மேல் வெள்ளைப் பெயின்ட். பழைய அலுமினியத்தைவிட எடை எவ்வளவோ குறைவு. முன்பெல்லாம் தரையிறங்கிய பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருக்கும். பார்த்த நோயாளிகள் வேறு பல் டாக்டரை விசாரிப்பார்கள். இப்போது அந்த அதிர்வு இல்லை. குறை என்றால், எஞ்சினை அணைத்தால் கோபித்துக்கொண்ட மாதிரி சட்டென்று நின்றுவிடுகிறது.

அன்புடன்,
சின்னச் சகலை


ஏப்ரல் 19

அன்புள்ள சின்னச் சகலைக்கு,

மருந்துச் சீட்டைக்கூட நீ இதைவிட நீளமாக எழுதுவாய். விமான உரிமையாளர் சங்கப் பத்திரிகைக்கு ‘சொந்த அனுபவம்’ எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உன்னுடையது, எழுத்து என்னுடையது. ஆகவே விவரமாக எழுது.

ஓர் உதவி. என் மனைவியை ஒருமுறை மேலே கூட்டிப் போ. நான் எவ்வளவு கூப்பிட்டும் வந்ததில்லை. உன் நாற்காலியில் பயப்படாமல் வாயைத் திறக்கிறவள், உன்னை நம்பி ஏறுவாள். ஆடாத விமானத்தில் போய்வந்தால் பிறகு என்னோடும் வருவாள். அது என் ரொம்ப நாள் ஆசை.

அன்புடன்,
உன் சகலை


மே 11

அன்புள்ள பெரிய சகலைக்கு,

அக்காவை ஏரிவரை கூட்டிப் போய்வந்தேன். பயப்படவேயில்லை. மேலிருந்து நம் தெருவைக் கண்டுபிடித்து, கொடியில் துணி இன்னும் எடுக்காமல் கிடக்கிறது என்று வருத்தப்பட்டார்.

நீங்கள் கேட்ட விவரம்: சத்தம் குறைவு, மேலேறுவது சுலபம். ஆனால் கட்டுரையில் என் பெயர் வேண்டாம். கட்டுரையையே கொஞ்சம் தள்ளிப்போட்டால் என்ன? உங்கள் காரை சர்வீஸ் செய்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் ஆள் சொல்லியிருக்கிறேன்.

சும்மா ஒரு கேள்வி. இந்த மாதிரி புரொப்பெல்லரில் சின்னப் பள்ளம் விழுந்தால் மற்ற உரிமையாளர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு நோயாளி கேட்டார்.

அன்புடன்,
சின்னச் சகலை


மே 24

அன்புள்ள சின்னச் சகலைக்கு,

விமானம் வைத்திருக்கும் அந்த நோயாளியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அலுமினியம் என்றால் அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். இதில் அது நடக்காது. பணிமனையில் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். கையில் கிடைத்ததைப் பூசி மறைக்கிறவனைத் தனியாகப் பறக்கவிட வேண்டும், அடுத்தவரை ஏற்றிக்கொண்டு அல்ல. இதையே கட்டுரையின் கடைசி வரியாக வைத்தேன், நல்ல வரவேற்பு. உன் பெயரும் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. அடக்கம் போதும்.

ஜூன் முதல் ஞாயிறு வருகிறேன். வந்ததும் அவளும் நானும் பறக்கப்போகிறோம்.

அன்புடன்,
உன் சகலை


மே 29

அன்புள்ள பெரிய சகலைக்கு,

பறக்க முடியாது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பிவிட்டேன். நோயாளி என்று யாரும் இல்லை. நான்தான்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஓடுபாதைக்குப் போகும் வழியில் சரளைக்கல் தெறித்து, பிளேடில் மிளகளவு பள்ளம். பணிமனைக்குக் கொடுத்தால் வாரக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். எனக்கோ உலகத்தில் தெரிந்த ஒரே வேலை, பள்ளத்தைச் சுத்தம் செய்து அடைப்பது. பல்லுக்கு வைக்கும் பிசினை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கி, மெருகேற்றினேன். நிற அட்டையோடு ஒப்பிட்டுத்தான் நிறம் எடுத்தேன். அவ்வளவு அழகாக எந்த மனிதருக்கும் செய்ததில்லை.

தனியாகப் பறந்து பார்த்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. முதல் பயணமே அக்காவோடு. ஏறும்முன் அவர் பிளேடைத் தொட்டுப் பார்த்து, “என்ன தம்பி, இந்த இடம் மட்டும் வேற மாதிரி இருக்கு?” என்றார். பெயின்ட் என்றேன். ஏரிவரை போய்த் திரும்பும்வரை அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்த மிளகையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அக்கா பரிமாறினால் சோறு இறங்குவதில்லை. அதனால்தான் உங்கள் காரை சர்வீஸ் செய்தேன்.

சின்னச் சகலை


ஜூன் 9

சின்னச் சகலைக்கு,

பறக்க முடியாது என்றானதால் பயணத்தைத் தள்ளிவைத்தேன்.

பணிமனையிலிருந்து தகவல் வந்தது. அடுக்கு எதுவும் பிரியவில்லை. உன் அடைப்பைப் பெயர்த்தெடுக்கத்தான் அரைநாள் பிடித்ததாம்; யார் செய்தது என்று மரியாதையோடு கேட்டார்கள். நான் சொல்லவில்லை. ஆகவே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நீ சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பதால் நானே முதலில் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். சிரித்தாள். “பெயின்ட் இல்லைன்னு அன்னைக்கே தெரியும். என் முன்பல்லுல தம்பி வச்ச அதே நிறம். தினமும் கண்ணாடியில பாக்குறேனே” என்றாள்.

தெரிந்துமா ஏறினாய் என்று கேட்டேன்.

“தம்பி வச்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உனக்கே அனுப்புகிறேன், நீயே வைத்துக்கொள்.

பதினெட்டாம் தேதி கடைவாய்ப் பல்லுக்கு உன்னிடம் வரப்போகிறாளாம். வேறு டாக்டரைப் பார் என்றேன், கேட்கவில்லை. நானும் கூட வருகிறேன். என்ன வைக்கப்போகிறாய் என்பதை, வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடு.

சகலை