மேல் பொத்தான்

அன்புச் செல்லம் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பச்சைக் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. எங்கள் நலத்தைக் கேட்டால் பாதி இங்கே கிடக்கிறது, பாதி அங்கே கிடக்கிறது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் அப்பா நேற்று வீடியோவில் வந்தார். உடம்பு எப்படி என்றால், எனக்கென்ன குறைச்சல், மாடியிலதான் படுக்கறேன், நீ முதல்ல உங்கப்பாவைப் பாரு என்கிறார். முகத்தை மட்டும் காட்டத் தெரிந்த மனுஷனுக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதை மறைக்கத் தெரியவில்லை, கூடத்து சோபாவில் எங்கள் கட்டில் தலையணை கிடந்தது. மூச்சு வாங்கினால் உடனே வரணும் என்று இதய டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்க, படி ஏற முடியாமல் கீழேயே சுருண்டு கிடந்துகொண்டு எனக்கே கதை விடுகிறார். வந்த கோபத்துக்குப் போனுக்குள் கையை விட்டு உலுக்கியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரை அடிக்கடி எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உடனே கிளம்பலாம் என்றால் இங்கே தாத்தா. பக்கவாதம் வந்த பிறகு நான் ஊட்டினால்தான் வாய் திறக்கிறார், அதுவும் என் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டேதான் விழுங்குவார். வீட்டுக்கு வரும் நர்ஸ் கரண்டியை நீட்டினால் வாயைப் பூட்டிக்கொள்வார். நான் ஒற்றைப் பிள்ளை, யாரிடம் விட்டுப் போவது. நீ வருகிறேன் என்கிறாய், பச்சை உடம்புக்காரி, அந்தப் பேச்சையே எடுக்காதே.

இன்று காலை அந்த நர்ஸ்தான், அக்கா, உங்க ஸ்வெட்டரைக் கொஞ்சம் குடுங்க என்று வாங்கிப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாத்தா கையால் துழாவிப் பொத்தானைப் பிடித்தார், வாயைத் திறந்தார், கிண்ணம் காலி. அப்புறம், பாப்பா, நீ சாப்பிட்டியா என்று அவளைக் கேட்டார். என்னைக் கூப்பிடுகிற பெயர் அது. சாப்பிட்டேன்ப்பா என்றாள் அவள். எனக்குக் கும்பிடுவதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன். என் அப்பாவுக்கு நான் இல்லாமலும் ஆகும் என்பதில்தான் எனக்கு வழி பிறந்திருக்கிறது, இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்.

நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறேன். ஸ்வெட்டர் இங்கேயே இருக்கட்டும், போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். நீ குழந்தை தூங்கும்போதே தூங்கு, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, நான் வருவது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடுவார்.

உன் அம்மா